குளிர்ந்த நீரும் ஒப்புரவும்

குளிர்ச்சியை உண்டாக்கும் எந்திரம் உலகில் எதுவுமில்லை. ‘ஏர்கோன்’ அறையைக் குளிரச் செய்கிறது என்று நாம் வழக்கிற் கூறினாலும், அறிவியல் நெறி நின்று பார்த்தால் அது செய்யும் தொழில் வேறு. ஓரிடத்துள்ள வெப்பத்தை அள்ளி இன்னோரிடத்திற் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவே. கொட்டப்படுவது அறையின் வெப்பம் மட்டுமன்று. எந்திரம் உண்ட மின்விசையும் முடிவில் வெப்பமாகி அதனோடு சேர்ந்து விழுகிறது. எனவே, உள்ளேயிருந்து எடுக்கப்படும் வெப்பத்தைவிட வெளியே கொட்டப்படும் வெப்பம் எப்பொழுதும் மிகுதியாகவே இருக்கும். இது மாற்ற முடியாத இயற்கை விதி. ஆனால் எங்கே அள்ளுவது, எவ்வளவு அள்ளுவது, எங்கே கொட்டுவது என்பனவெல்லாம் மனிதன் எடுக்கும் முடிவுகள். மனிதன் முடிவெடுக்கும் இடத்தில் அறம் பற்றிய வினாவும் எழுந்தே தீரும்.

பொறியியலார் பேச வேண்டிய பொருளைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஏன் எடுத்துக்கொண்டான் என்று கேட்போர் இருக்கலாம். கோலா சாவாவைச் சுற்றியுள்ள தோட்டப்புறத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வண்டியிற் சென்றால் புத்ராஜெயாவை அடையலாம். இங்கே செம்பனைக் காடும் தகரக் கூரையும். அங்கே நிலத்தடிக் குழாய்களில் ஓடிவரும் குளிர்ந்த நீரால் தண்மை பெறும் அமைச்சகங்கள். இரண்டின்மேலும் காய்வது ஒரே ஞாயிறுதான். 2016ஆம் ஆண்டு எல் நினோ வெப்பத்தின்போது பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகளைச் சில நாள் மூட நேர்ந்ததை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெம்மை யாருக்கு, தண்மை யாருக்கு என்பதை இனி வானிலை அறிக்கையோடு விட்டுவிட முடியாது. பகிர்வு பற்றிய கேள்வி எதுவாயினும் அது நம் வகுப்பறைக்குரிய கேள்வியே.

பொருளைச் சற்று விளங்கிக்கொண்டு மேற்செல்வோம். வீட்டுக் குளிரூட்டி காற்றைக் குளிர்வித்து ஊதுகிறது. பெரிய கட்டடங்களிலோ வெப்பத்தைச் சுமக்கும் பணி நீரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ‘சில்லர்’ என்று தொழிலாளர் வழங்கும் பெரிய எந்திரம் நீரை 6 அல்லது 7 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறது. பம்புகள் அந்நீரைக் குழாய்வழி ஒவ்வொரு தளத்துக்கும் செலுத்துகின்றன. அறைகளின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு 12 அல்லது 13 பாகையில் நீர் மீண்டு வருகிறது. குளிர்நாடுகளில் இதே முறையில் வெந்நீரைச் சுற்றவிட்டு வீடுகளை வெதுவெதுப்பாக்குகின்றனர். காற்றிருக்க நீரை ஏன் நாடினர்? ஒரு கனமீட்டர் நீர் ஒரு பாகை சூடேறும்போது ஏற்கும் வெப்பம், அதே அளவு காற்று ஏற்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. ஆளுயரக் காற்றுக் கால்வாய் சுமப்பதைக் கையளவுக் குழாய் சுமந்துவிடும். இயற்கையும் நம் உடலில் இம்முறையையே அமைத்திருக்கிறது. உள்ளுறுப்புகளின் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது குருதிதான்.

இத்தொழிலில் குளிர்ச்சியை ‘டன்’ கணக்கில் அளப்பர். எடையைக் குறிக்கும் சொல் இங்கே எப்படி வந்தது? ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. மின்கணக்கில் சுமார் 3,500 வாட். பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்தின் எச்சம் அச்சொல். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ அன்றோ? இன்னொரு கணக்கும் சுவையானது. அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் 35 பேர் அமர்ந்து விரிவுரை கேட்டால், அவர்கள் உடலின் வெப்பத்தை அகற்ற மட்டுமே ஒரு டன் தேவை. கூரையின் வெப்பமும் சன்னலின் வெயிலும் இதற்குப் புறம்பு.

தகரக் கூரையின்கீழ்ப் பாடம் நடத்தியோர்க்கு ஓர் உண்மை அனுபவத்தில் விளங்கும். மின்விசிறி சுழன்றாலும், சன்னல்வழிக் காற்று வந்தாலும், நண்பகலில் உச்சந்தலையில் ஒரு வெக்கை இறங்கிக்கொண்டேயிருக்கும். காற்று சூடாக இருப்பதால் மட்டும் வருவதன்று அது. சூடேறிய தகரம் நம்மீது வெப்பக் கதிரை வீசுகிறது. இதன் மறுதலையும் நாம் அறிந்ததே. லயத்து வீடுகளில் முதியோர் பிற்பகலில் பாயையும் ஒதுக்கிவிட்டு வெறுஞ் சிமெந்துத் தரையில் படுப்பர். காற்று அதே காற்றுதான், உடலோ தணிந்துவிடும். இந்த எளிய அறிவைப் பொறியியலாகச் செய்து காட்டிய கட்டடம் புத்ராஜெயாவில் உள்ள எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம். 2010இல் கட்டி முடிக்கப்பட்டு ‘வைரக் கட்டடம்’ என்று அழைக்கப்படும் அதன் கான்கிரீட் தளங்களுக்குள் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. இரவில் குளிர்ந்த நீர் அவற்றில் ஓடித் தளத்தையே தண்மையாக்குகிறது. பகலில் அத்தளம் மனிதரின் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொள்கிறது. ஈரப்பதத்தை நீக்க ஓரளவு குளிர்காற்றும் வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்று உள்ளே புகுந்தால் குளிர்ந்த தளம் வியர்த்துவிடும். ஆயினும் பயன் பெரிது. வழக்கமான மலேசிய அலுவலகக் கட்டடம் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றில் 200 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் உண்ணும். வைரக் கட்டடம் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது.

ஐதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் செய்து பார்த்த ஒப்பீட்டை நான் மிக மதிக்கிறேன். 2011இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரே கட்டடத்தை இரு சம பாதிகளாக்கி, ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கக் காற்றுமுறையும் மறு பாதியில் தளத்தில் ஓடும் குளிர்நீர் முறையும் அமைத்தனர். அதே வெயில், அதே வேலை, அதே அளவு ஆட்கள். நீர்முறைப் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஆற்றலில் இயங்கியது. இரு வகுப்புக்கும் ஒரே தேர்வுத்தாளைக் கொடுத்துத் திருத்தும் நேர்மை இது. புதுமையைப் போற்றுவோர் பலர். பழமையைப் பக்கத்திலேயே நிறுத்தி அளந்து பார்ப்போர் சிலரே.

இனி, தனிக் கட்டடத்தை விட்டு ஊர்ப்பொதுவான அமைப்புக்கு வருவோம். புத்ராஜெயாவிலும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுர வட்டாரத்திலும் கட்டடந்தோறும் சில்லர் வைக்காமல், ஒரு நிலையத்தில் நீரைக் குளிர்வித்துப் பல கட்டடங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. எல்லாக் கட்டடங்களும் ஒரே நொடியில் உச்ச அளவு குளிர்ச்சியை வேண்டுவதில்லை. ஆதலால் பொது நிலையத்தின் மொத்த ஆற்றல், தனித்தனி எந்திரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே போதும். பேராக் மாநிலத்தின் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், எரிவாயுச் சுழலி மின்சாரம் தருகிறது. அதன் கழிவு வெப்பத்தால் பிறக்கும் நீராவி குளிர்விப்பு எந்திரத்தை இயக்குகிறது. இரவில் குளிர்வித்த நீரைப் பெருந்தொட்டியில் சேமித்துப் பகலில் செலவிடுகின்றனர். கழிவு வெப்பத்தை வீணாக்காத இவ்வறிவு தோட்டத்தாருக்குப் புதிதன்று. செம்பனை ஆலையில் நாரையும் ஓட்டையும் எரித்து எழுப்பும் நீராவி முதலில் சுழலியைச் சுற்றி மின்சாரம் தந்துவிட்டுப் பிறகல்லவா பழக்குலைகளை வேகவைக்கிறது! ஆலையில் வேலை செய்யும் தந்தையின் பிள்ளைக்கு இப்பாடத்தை விளக்குவது எளிது.

ஊர்ப்பொதுவில் நீர் நிறைந்த நிலை என்றதும் வள்ளுவர் ஒப்புரவுக்கு ஊருணியை உவமையாக்கியதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஊருணியில் குடத்தோடு வருவோர் எல்லாரும் ஒரே படித்துறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மொள்ளுவர். குழாய்வழிப் பகிர்வில் அப்படிக் கண்ணுக்குக் கண் நிற்பதில்லை. ஆதலின் வாய்க்காற் பாசனமே நெருங்கிய உவமை என எனக்குத் தோன்றுகிறது. தலைமடை, கடைமடை என்னும் சொற்கள் நம்முடையவை. தலைமடைக்காரன் தேவைக்கு மேல் திறந்துவிட்டால் கடைமடை காயும். அவன் காண்பதோ தன் வயலில் நிற்கும் நீரை மட்டுமே. அதனால்தான் நம் கிராமங்கள் ‘நீர்கட்டி’ என்றொருவரை வைத்து முறை பிரித்தன. நெல்வயலைக் குறிக்கும் ‘சாவா’ என்னும் மலாய்ச் சொல்லைப் பெயரில் தாங்கிய ஊரில் வாழ்வோர் இதை எளிதில் உணர்வர்.

குளிர்நீர்க் குழாயிலும் தலைமடையும் கடைமடையும் உண்டு என்பதைப் பலர் அறியார். ஓர் அலுவலகத்தில் ஒருவர் வெப்பநிலைக் கருவியை 16 பாகைக்குத் திருப்பி வைக்கிறார் என்று கொள்வோம். அறை அந்நிலையை அடையப்போவதில்லை. சுருள்குழாயின் திறன் அதற்கு அமைந்ததன்று. ஆனால் கருவிக்கு அது தெரியாது. ‘இன்னும் வேண்டும்’ என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். நீரை மட்டுப்படுத்தும் வால்வு முழுதும் திறந்தபடியே நிற்கும். நீர் விரைந்து பாய்கிறது. பாயும் விரைவில் வெப்பத்தை ஏற்க நேரமின்றி, 12 பாகையில் மீள வேண்டியது 8 பாகையிலேயே மீண்டுவிடுகிறது. செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் சுற்றிவந்த நீர் அது. இத்தகைய அறைகள் பல சேர்ந்தால், நிலையத்தில் வெப்பம் மிகவில்லை எனினும் நீரோட்டம் மிகுந்துவிட்டபடியால் இன்னொரு பம்பையும் இன்னொரு சில்லரையும் ஓடவிட நேர்கிறது. குழாயின் கடைசியில் உள்ள தளங்களோ போதிய அழுத்தமின்றி வெதும்புகின்றன. அங்கிருப்போர் என்ன செய்வர்? தம் கருவியையும் 16க்குத் திருப்புவர். நோய் பரவும் விதம் இதுதான்.

இதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது கணக்கின் கடுமை. நீரோட்டத்தை இரட்டித்தாலும் அந்த அறைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தண்மை சிறிதே. ஆனால் அதே குழாயில் இருமடங்கு நீரைத் தள்ள, பம்புக்கு இரு மடங்கன்று, எட்டு மடங்கு விசை வேண்டும்; விசை நீரோட்டத்தின் மும்மடியாக உயர்வது அவ்வியலின் விதி. எதிர்ப்பக்கம் இருந்து பாருங்கள்: ‘ஐந்தில் நான்கு பங்கு போதும்’ என்று எல்லாரும் ஒப்பினால் செலவு ஐந்தில் ஒன்றன்று, ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். ‘போதும்’ என்ற சொல்லுக்கு இயற்கை இத்துணைப் பெரிய பரிசை வேறெங்கேனும் வைத்திருக்கிறதா என்பது ஐயமே. பொறியாளர் வேகத்தை மாற்றவல்ல பம்பைக் கண்டுபிடித்து அப்பரிசைப் பெறும் வாயிலைத் திறந்துவிட்டனர். ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் அறையில் அமர்ந்திருப்பவர்.

அவர் ஏன் சொல்வதில்லை? பேராசைக்காரர் என்று பழித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் காலையில் வெயிலில் நடந்து வந்தவர் உடனே குளிர வேண்டுமென்று ஒரு விரலால் திருப்புகிறார், பிறகு மறந்துவிடுகிறார், பிற்பகலில் குளிர் தாங்காமல் மேலங்கி அணிந்துகொள்கிறார். வெப்ப நாட்டில், வேலை நேரத்தில், கம்பளியுடை! நகைப்புக்குரியதாயினும் நகைத்துவிட்டுப் போவதற்கில்லை. பெரிய கட்டடத்தில் திருப்புபவர் ஒருவர். மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். கூரைமேலுள்ள குளிர்விப்புக் கோபுரமும் பின்சந்து எந்திரங்களும் கொட்டும் வெப்பத்தை ஏற்று நிற்பவர் காவலரோ, துப்புரவுப் பணியாளரோ, தெருவிற் போவாரோ ஆவர். செயலும் அதன் பயனும் ஒரே ஆளிடம் கூடாதபோது மனச்சான்று விழித்திருக்க வாய்ப்புக் குறைவு. அரசுக் கட்டடமாயின் கட்டணம் பொதுமக்களுடையது. அது யாருடையதாகவும் தோன்றாது.

சட்டம் அவ்விடத்தில் வருகிறது. 2011ஆம் ஆண்டு, அரசு அலுவலகங்களில் குளிர்ச்சியை 24 பாகைக்குக் கீழே இறக்கலாகாது என்று மலேசிய அரசு பணித்தது. 2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, பெரிய கட்டடங்களின் ஆற்றற் செலவைக் கணக்குக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கருவிகளும் முன்னேறிவிட்டன. ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவு நீர்தான் என்று தானே வரையறுக்கும் வால்வுகள் உள்ளன. நீர்கட்டியின் வேலையை அவை பார்க்கின்றன. இங்கே தத்துவ வினா ஒன்று குறுக்கிடுகிறது. தவறு செய்ய இயலாதபடி வால்வு தடுத்துவிட்டால், தடுக்கப்பட்டவன் நல்லவன் ஆவானா? அவனுடைய அளவுடைமை அவனுடையதா, வால்வினுடையதா?

பள்ளியில் நாள்தோறும் நாம் எதிர்கொள்ளும் வினா இது. மணியடித்தால் வரிசையில் நிற்கும் மாணவன் ஒழுக்கமுடையவனா என்று கேட்டால், இன்னும் இல்லை என்பேன். ஆனால் மணியும் வரிசையும் இல்லாத பள்ளியில் கடைசியில் நிற்கும் சிறுவனுக்குச் சிற்றுண்டி கிடைக்காது. அவனுக்குரிய உணவு, முன்னால் நிற்பவன் நல்லவனாக மாறும்வரை காத்திருக்கக் கூடாது. ஆகவே வால்வு வேண்டும். கடைமடைக்காரனின் உரிமையைக் காப்பது அதன் கடமை; தலைமடைக்காரனைத் திருத்துவது அதன் கடமையன்று. அப்பணி நம்மைச் சேர்ந்தது. வால்வை மட்டும் நம்பிய இடங்களில், உணர்கருவியின் அருகே ஒரு விளக்கை எரியவிட்டு, அறை சூடாயிருப்பதாக அதை நம்பவைக்கும் சூழ்ச்சியும் மனிதனுக்குத் தோன்றும். அவன் கருவியோடு போராடுகிறான். கடைசித் தளத்தில் ஒரு மனிதர் இருப்பதை அவனுக்கு எவரும் காட்டியதில்லை. நீர் எங்கிருந்து வருகிறது, அடுத்து எங்கே போகிறது என்று தெரிந்தவன் அவ்விளக்கை ஏற்றத் தயங்குவான் என்று நான் நம்புகிறேன்.

சிக்கன எந்திரம் கிடைத்துவிட்டால் போதும் என்போர்க்கு 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலார் கண்டு சொன்னதை எடுத்துக்காட்ட வேண்டும். நீராவி எந்திரம் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவு குறையவில்லை. மலிந்தது என்பதால் எங்கும் எந்திரம் பெருகி, செலவு வளர்ந்தது. குளிர்ச்சிக்கும் இது நேரலாம். மூன்றில் ஒரு பங்கில் குளிர்கிறதென்றால் மூன்று மடங்கு இடத்தைக் குளிர்விப்போமே என்று மனம் கணக்கிடும். அதற்காக நல்ல எந்திரத்தை வெறுப்பது பேதைமை. மிச்சமானதை யாருக்கு என்று முடிவு செய்யாமல் விடுவதே குற்றம்.

மறுபுறம், ‘நம் முன்னோர் குளிரூட்டியா வைத்திருந்தனர்? தகரக் கூரையின்கீழ் வாழ்ந்து பிள்ளைகளை ஆளாக்கவில்லையா?’ என்னும் பேச்சும் தோட்டப்புறக் கூட்டங்களில் கைதட்டல் பெறும். அப்பேச்சை நான் ஏற்பதில்லை. அவர்கள் தாங்கியது வேறு வழியில்லாமையால். வழியின்மையைத் தவமென்று பாராட்டுவது, அவர்களைத் தாங்கவிட்டவர்களுக்கே வசதி. மருத்துவமனைக்கும் முதியோர்க்கும் குழந்தைக்கும் தண்மை ஆடம்பரமாகாது. 16 பாகையில் நடுங்கும் அலுவலகமும் 37 பாகையில் மூடப்படும் பள்ளியும் ஒரே நாட்டில் இருக்கும்போது, முன்னதைக் குறைப்பதைப் பற்றிப் பேசுபவர் பின்னதையும் சேர்த்தே பேச வேண்டும். புத்ராஜெயாவில் மிச்சமாகும் மின்சாரம் தானே நடந்து தோட்டப் பள்ளிக்கு வந்துவிடாது. வரவு செலவுத் திட்டத்தில் எவராவது எழுதி வைத்தால்தான் வரும்.

வருமாயின், அதைக் கொண்டு வகுப்புக்கு வகுப்பு எந்திரம் மாட்ட வேண்டுமென்பது என் கருத்தன்று. குளிர்ந்த நீர்க்குழாய் செம்பனைக் காட்டுக்குள் வரப்போவதில்லை. நான்கு வகுப்பறைக்கு அது தேவையுமில்லை. தகரத்தின் அடியில் வெப்பத்தைத் தடுக்கும் போர்வை, அதன்கீழ் ஓர் உட்கூரை, மேற்குச் சுவரின் வெயிலை மறிக்கும் மரம், எதிரெதிரே திறக்கும் சன்னல்கள் ஆகியவை முதலில் வரட்டும். இவற்றுக்குப் பின்னும் வெக்கை தணியாத அறைக்கு எந்திரம் வாங்கலாம். அப்போது அது சிறியதாகவே போதும். வைரக் கட்டடத்தை அமைத்தவர்களும் இவ்வரிசையையே பின்பற்றினர். மேல்தளம் கீழ்த்தளத்துக்கு நிழல் தருமாறு சுவர்களை முதலில் வெளிப்புறம் சாய்த்தனர். குழாய்களைத் தளத்தில் பதித்தது அதற்குப் பிறகு.